இரண்டு தண்ணிக்கு நடுவில்

போன வாரம் ஒரு ராத்திரி. போர்ட் பிளேரில் (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம், நம் வாயில் பழைய பெயர்தான் வருகிறது) நல்ல மழை, கரண்ட் இல்லை. பிளஸ் ஒன் படிக்கும் மகன் இருட்டில் கிடாரை நோண்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"ஃபிளமெங்கோப்பா. நம்ம ஊர்ல யாருக்கும் தெரியாது."

நம்ம ஊர் என்று அவன் சொன்னது இந்தத் தீவை. எனக்கு ஊர் என்றால் கும்பகோணம். அது உறுத்தியது. சரி, அப்படி என்னதான் இருக்கிறது என்று தேடிப் படித்தேன்.

ஃபிளமெங்கோ தென் ஸ்பெயினின் அந்தலூசியாவில் பிறந்தது. வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் ஜிப்சிகள். அவர்களுடைய முன்னோர் வடமேற்கு இந்தியாவிலிருந்து போனவர்கள்! ஸ்பெயினில் அவர்களைப் பற்றிய முதல் பதிவு 1425. 1749-இல் அரசாங்கம் ஆயிரக்கணக்கானவர்களை ஒரே சமயத்தில் பிடித்து அடைத்தது. ஃபிளமெங்கோவில் 'கார்செலேரா' என்று சிறைப்பாட்டு வகையே உண்டு. கிடார் கிடையாது, வெறும் குரல். செல்லுலார் ஜெயில் இருக்கிற ஊரில் இதைப் படிக்கும்போது என்னவோ செய்தது.

அங்கேதான் சபிகாஸ் கிடைத்தார். 1912-இல் வடக்கே பம்ப்ளோனாவில் பிறந்த ஜிப்சி. மொச்சை மாதிரி ஒரு கொட்டையைச் சின்ன வயதில் விரும்பித் தின்றதால் வந்த பட்டப்பெயர் அது :-) பெரும்பாலும் தானாகவே கற்றவர். 1936-இல் உள்நாட்டுப் போர் வந்ததும் ஸ்பெயினை விட்டார். பியூனஸ் அயர்ஸ், மெக்சிகோ, கடைசியில் நியூயார்க். திரும்ப மண்ணை மிதித்தது 1967-இல்தான். அந்த முப்பது வருஷமும் கிடாரை விடவில்லை. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பக்கவாத்தியமாக இருந்த கிடாரைத் தனிக் கச்சேரியாக உலக மேடைகளுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர்.

1960-களில் நடனக் குழுவோடு அமெரிக்கா போன இளைஞர் பாக்கோ தெ லூசியாவுக்கு அவர் சொன்ன புத்திமதி: அடுத்தவர் வாசித்ததையே வாசிக்காதே, சொந்தமாகச் செய். அந்தப் பாக்கோ 1973-இல் வெளியிட்ட புகழ்பெற்ற உருப்படியின் பெயர், 'இரண்டு தண்ணிக்கு நடுவில்'. அவர் பிறந்த அல்ஹெசிராஸ், மத்தியதரைக் கடலும் அட்லாண்டிக்கும் சேரும் இடத்தருகே இருக்கிறது.

நாம் இருப்பதும் வங்கக் கடலுக்கும் அந்தமான் கடலுக்கும் நடுவில்தானே.

ஊரை விட்டால் எல்லாம் போய்விடும் என்று பிள்ளையிடம் இத்தனை நாள் புலம்பியிருக்கிறேன். சபிகாஸுக்கு ஊர் போயிற்று, வாசிப்பு போகவில்லை. தினமும் கையில் எடுத்ததுதான் காரணம். தமிழும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. இப்போது தினமும் ராத்திரி அவன் எனக்கு ஒரு உருப்படி வாசிக்கிறான், நான் அவனுக்குத் தமிழில் ஒரு பக்கம் படித்துக் காட்டுகிறேன். கணக்கு நேராகிவிட்டது.

உங்கள் வீட்டில் எப்படி?