பாம்பு கடிச்சா போடுற ஊசிக்கு விஷம் எங்கிருந்து வருது? இருளர்களின் மண் பானையில் தொடங்கும் கதை!

மழை பெய்தா போதும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் ஏரியை ஒட்டிய தெருக்களில் 'வீட்டுக்குள்ள பாம்பு' என்ற சத்தம் கேட்கும். கடித்துவிட்டால் மருத்துவமனையில் ஏற்றுவது விஷமுறிவு மருந்து. அதற்கு மூலப்பொருளே பாம்பு விஷம்தான். அதைச் சேகரிப்பது யார்?

சென்னையை ஒட்டிய கிராமங்களில் வாழும் இருளர் பழங்குடியினர்தான். ஒரு காலத்தில் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தவர்கள் இவர்கள். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், அடுத்து பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை என வரிசையாக வர, பிழைப்பே போச்சு. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் உருவானது. மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்குகிறது.

எப்படி எடுக்கிறார்கள்?

வரப்பில் கிடக்கும் சட்டை, மண்ணில் பதிந்த தடம், எலி வளை. இதை வைத்தே உள்ளே இருப்பது என்ன பாம்பு என்று சொல்லிவிடுவார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கை மட்டும் வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில் பிடிப்பார்கள். மண் பானையில் வைத்து, துணியால் வாய் கட்டி, வாரம் ஒரு முறை விஷம் எடுப்பார்கள். சில வாரங்களில், வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டு மீண்டும் காட்டில் விடுவார்கள். அதே பாம்பை உடனே திரும்பப் பிடிக்கக் கூடாது, அதுக்குத்தான் இந்த அடையாளம்.

விஷம் உறையவைத்து உலர்த்தப்பட்டு, பொடியாக மருந்து நிறுவனங்களுக்குப் போகும். அதைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தால் மருந்து ரெடி.

இதில் ஒரு சிக்கல். ஒரே வகைப் பாம்பானாலும் விஷம் ஊருக்கு ஊர் மாறும். நம்ம ஊர் பாம்பின் விஷத்தில் தயாரான மருந்து, தொலைவில் உள்ள மாநிலங்களில் அதே அளவு வேலை செய்வதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பீடு. இது சின்ன விஷயமில்லை.

2023-ல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள்!

வீடியோ பார்த்துட்டு நாமே பிடிக்கலாமா? கூடாது. அனுமதியில்லாமல் பிடிப்பது குற்றம். வீட்டுக்குள் வந்தால் தீயணைப்புத் துறைக்கு 101, கடித்தால் 108. கயிறு கட்டவோ, கீறவோ வேண்டாம். பாம்பை அடித்து மருத்துவமனைக்கு எடுத்துட்டுப் போகவும் தேவையில்லை. நான்கு பாம்புக்கும் ஒரே ஊசிதான்.