சுவாமிமலையும் வாணிப சாஸ்திரமும்

செம்பு கிடைக்காத தஞ்சைத் தரணியில், நெல்வயல் சூழ்ந்த சுவாமிமலை உலோகத் திருமேனிகளைக் கடல் கடந்து அனுப்புவது எங்ஙனம் என்ற வினாவுக்கு, தேசங்களின் வேற்றுமையையே வாணிபத்தின் மூலகாரணமாகக் கண்ட பொருளியல் அறிஞர் ரிகார்டோவின் 1817-ஆம் ஆண்டுச் சித்தாந்தம் பாதி விடையே தருகிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து சமைத்த உருவின்மேல் காவிரி வண்டலைப் பூசி, நிழலில் உலர்த்தி, மெழுகை உருக்கி வடித்தபின் அவ்விடத்தில் உலோகத்தை வார்க்கும் ஸ்தபதிகளுக்கு அம்மண் இயற்கை அளித்த பேறு என்பது மெய்யே. ஆயினும் காவிரி பாயும் ஊர்கள் அனைத்திலும் இத்தொழில் வேரூன்றவில்லையே! எஞ்சிய பாதி விடை வேறிடத்தில் உள்ளது. உற்பத்தி பெருகப் பெருக அடக்கச் செலவு குறைவதே வாணிபத்துக்குப் போதிய காரணம் என்று 1979-இலும், அதனால் தொழில்கள் ஓரிடத்தில் திரளும் என்று 1991-இலும் விளக்கியவர், நம் பொருளியல் அறிஞர் ஜகதீஷ் பகவதியின் மாணாக்கரும் 2008-இல் நோபல் பரிசு பெற்றவருமான பால் க்ரூக்மன். தலைமுறை தலைமுறையாகக் கைத்திறன் திரண்ட சுவாமிமலைப் பட்டறைகளைப் பொருளாதாரம் பயிலும் மாணாக்கர் அவசியம் சென்று காண வேண்டும்.