சொன்னவர் யார்? – மேற்கோள் குறிப்பும் அமானிதமும்

அறிவியல் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோர் இறுதியாகச் செய்யும் பணி, பெரும்பாலும் மேற்கோள் குறிப்புகளையும் துணைநூற் பட்டியலையும் ஒழுங்குபடுத்துவதாகவே இருக்கிறது. ஆசிரியர் பெயரை எவ்வாறு எழுதுவது, ஆண்டை எங்கே இடுவது, இதழின் பெயரைச் சுருக்கலாமா என்பன போன்ற விதிகள் பலருக்கும் சலிப்பூட்டுவன. இவை வெறும் அச்சு ஒழுங்கு என்று எண்ணுவோரும் உளர். ஆயினும், 'இதைச் சொன்னவர் யார்? அவர் சொன்னதை எங்கே சென்று சரிபார்ப்பது?' என்னும் இரு வினாக்களிலிருந்தே இவ்விதிகள் அனைத்தும் பிறந்தன. அரபு மொழியில் எழுதிய மருத்துவ அறிஞர்கள் இவ்வினாக்களை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை இங்கு நோக்குவோம்.

அவர்களுக்கு முன்னரே ஹதீஸ் கலை இத்துறையில் ஓர் ஒழுங்கை நிறுவியிருந்தது. செய்தி ஒன்று, அதனை ஒருவர்பின் ஒருவராக எடுத்துரைத்தோரின் பெயர் வரிசையோடு (இஸ்னாத்) சேர்த்தே ஏற்கப்பட்டது. நூல்கள் பெருகியபோது சுருக்கக் குறியீடுகளும் தோன்றின. கி.பி. 1341இல் மறைந்த இமாம் அல்-மிஸ்ஸி, தமது நூல்களில் ஸஹீஹுல் புகாரிக்கு 'கா' என்னும் எழுத்தையும் ஸஹீஹ் முஸ்லிமுக்கு 'மீம்' என்னும் எழுத்தையும் அடையாளமாக இட்டார். இன்றைய ஆய்விதழ்கள் இதழ்ப் பெயர்களைச் சுருக்கி எழுதும் முறைக்கு இது நெருங்கிய உறவுடையது எனலாம்.

மருத்துவத் துறையில் முதலில் குறிப்பிடத்தக்கவர் ரய் நகரில் பிறந்த அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸக்கரிய்யா அர்-ராஸி (கி.பி. 865 – 925). அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்த குறிப்புகள், அவரது மறைவுக்குப் பின் 'அல்-ஹாவீ' என்னும் பெருநூலாகத் தொகுக்கப்பட்டன. ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃபில் உஸ்மானிய்யா நிறுவனம் 1955 முதல் இந்நூலை இருபதுக்கும் மேற்பட்ட பாகங்களாக அச்சிட்டு வெளியிட்டது. இதில் ராஸி ஒவ்வொரு நோய் குறித்தும் ஹிப்போகிரட்டீஸ், காலன் முதலாகத் தம் காலத்தவர் வரை கூறியவற்றை அவரவர் பெயரோடு எழுதிச் செல்கிறார். தமது அனுபவத்தையோ மாற்றுக் கருத்தையோ சொல்லும் இடங்களில் 'லீ' என்னும் சிறு சொல்லை இடுகிறார். 'என்னுடையது' என்பது அதன் பொருள். பிறர் சொல்லுக்கும் தம் சொல்லுக்கும் இடையே ஒரே சொல்லால் வேலியிட்ட இந்நேர்மையை நாம் வியக்காமல் இருக்க இயலாது.

எனினும் இம்முறைக்கு எதிர்ப்பும் எழுந்தது. பத்தாம் நூற்றாண்டில் 'காமிலுஸ் ஸினாஆ' என்னும் மருத்துவ நூலை இயற்றிய அலீ இப்னுல் அப்பாஸ் அல்-மஜூஸி, ராஸியின் நூல் அளவு மீறிப் பெருத்துவிட்டது எனத் தம் முன்னுரையில் குறைகூறினார். தேர்ந்த மருத்துவர்கள் பெரும்பாலும் ஒன்றையே சொல்லும்போது, அனைவரையும் அடுக்க வேண்டிய தேவை என்ன என்பது அவரது வாதம். அந்நூலின் பிரதிகள் இரண்டைத் தவிர வேறெதனையும் தாம் அறியவில்லை என்றும் அவர் எழுதினார். படியெடுக்கும் செலவு மிகுந்திருந்த காலத்தில் இது நியாயமான குறையே. பட்டியலை வீணே நீட்டாதீர் என்று இன்றைய இதழாசிரியர்கள் கூறுவதும் இதனையே.

ஆனால், அதே மஜூஸியின் நூலுக்குப் பின்னாளில் நேர்ந்தது வேறு. பதினொன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இத்தாலியின் மான்டி கஸினோ மடத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கரான கான்ஸ்டன்டைன், அதனை லத்தீனில் 'பன்டெக்னி' என்னும் பெயரில் ஆக்கினார். மூல ஆசிரியரின் பெயர் அதில் இடம்பெறவில்லை. 1127இல் அந்தியோக்கியாவில் அந்நூலை மீண்டும் மொழிபெயர்த்த ஸ்டீஃபன் என்பவர் இதனைக் கண்டித்து, மூல ஆசிரியரின் பெயரை நிலைநாட்டினார். இங்கே இழப்பு மஜூஸிக்கு மட்டும் உரியதன்று. மூலம் எதுவென அறியாத வாசகர், ஐயம் எழுந்தால் ஒப்புநோக்குவதற்கு எங்கே செல்வார்? மருந்தின் அளவும் நோயின் அறிகுறியும் பேசும் நூலில் இவ்வினா உயிரோடு தொடர்புடையது.

இவ்விரு எல்லைகளுக்கும் இடையே நடுவழி கண்டவர் மாலகாவில் பிறந்து, 1248இல் திமஷ்கில் மறைந்த தாவரவியலாளர் இப்னுல் பைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துப் பொருள்களை அகர வரிசையில் விளக்கும் அவரது 'அல்-ஜாமிஃ', நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பெயர் சொல்லிச் சுட்டுகிறது. ஒவ்வொரு கூற்றையும் அதைச் சொன்னவரோடு இணைத்ததாகவும், அக்கூற்று எவர் வழியாக வந்தது என்பதையும் தெரிவித்ததாகவும் அவர் முன்னுரையில் உரைக்கிறார். அவருடைய மாணவர் இப்னு அபீ உஸைபிஆ இன்னும் ஒரு செய்தி தருகிறார். எந்த மருந்தைப் பற்றிப் பேசினும், அது டயஸ்கோரிடீஸ், காலன் ஆகியோர் நூல்களில் எந்த இயலில், எத்தனையாவது மருந்தாக வருகிறது என்பதையும் ஆசிரியர் குறிப்பிடுவாராம். படிக்குப் படி பக்கம் மாறும் கையெழுத்துக் காலத்தில் பக்க எண்ணால் பயனில்லை. எந்தப் பிரதியை வைத்திருப்பவரும் இடத்தைக் கண்டடைய இயலும், வரிசையும் எண்ணுமே அதற்குத் தக்க வழி.

அச்சுக்கலை பரவிய பின் ஒரு பதிப்பின் எல்லாப் படிகளிலும் பக்கம் ஒன்றாயிற்று. பக்க எண்ணைச் சுட்டுவது எளிதாயிற்று. 1881இல் ஹார்வர்டின் விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க், ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இடும் முறையைத் தம் கட்டுரையில் கையாண்டார். மருத்துவ இதழ்களின் ஆசிரியர் சிலர் 1978இல் கனடாவின் வான்கூவரில் கூடி வகுத்த விதிகள் மறு ஆண்டு வெளியாயின. மேற்கோள் முதலில் வரும் வரிசைப்படி எண் இடுவது அம்முறை. முன்னதில் யார், எப்போது சொன்னார் என்பது வாசிப்பின் நடுவிலேயே தெரிகிறது. பின்னதில் வாசிப்பு தடைபடாது. ஆயின் இடையில் ஒரு குறிப்பைச் சேர்த்தால் பின்வரும் எண்கள் யாவற்றையும் மாற்றியாக வேண்டும். 2000 முதல் கட்டுரைகளுக்கு வழங்கப்படும் நிலையான மின்னடையாள எண், இணைய முகவரி மாறினாலும் மூலத்திற்கு இட்டுச் செல்கிறது. இப்னுல் பைத்தார் சுட்டிய 'எத்தனையாவது மருந்து' என்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

வடிவம் செம்மையாக இருப்பதே உண்மைக்குச் சான்றாகிவிடாது. 2022இன் இறுதிக்குப் பின் பரவிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், பெயர், ஆண்டு, இதழ், பக்கம் என யாவும் முறையாக அமைந்த, ஆனால் உலகில் இல்லாத கட்டுரைகளையும் சில வேளை பட்டியலிட்டுத் தருகின்றன. ஹதீஸ் அறிஞர்களுக்கு இத்தகைய தீங்கு புதியதன்று. நம்பகமான பெயர்களைக் கோத்துப் புனையப்பட்ட இஸ்னாதுகளை அவர்கள் கண்டிருந்தனர். ஆகவேதான், வரிசையில் உள்ளோர் எப்போது பிறந்தனர், எப்போது இறந்தனர், ஒருவரை ஒருவர் சந்தித்திருக்க இயலுமா என்று ஆராய்ந்தனர்.

நம் ஆய்வு மாணவர்கள் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கவை சில உள. படிக்கும்போதே பக்க எண்ணோடு குறித்துக்கொள்ள வேண்டும். கட்டுரை அனுப்பும் இரவில் நினைவிலிருந்து தேடலாகாது. தாம் பார்த்த மூலத்தையே சுட்ட வேண்டும். பிறர் நூல் வழியே அறிந்ததாயின் அப்பிறரையும் சொல்ல வேண்டும். தம் கருத்து எது என்பதை ராஸியைப் போல வெளிப்படையாகப் பிரித்துக் காட்ட வேண்டும். காற்புள்ளி எங்கே வரும் என்பதை இதழுக்கு இதழ் மாற்றிக்கொள்ளலாம். சொன்னவருக்குரியதைச் சொன்னவரிடமே சேர்ப்பதும், வாசகர் திரும்பிச் செல்லும் வழியைத் திறந்து வைப்பதும் எல்லா இதழ்களுக்கும் பொதுவான அமானிதமாகும்.