நாகையில் இடித்த கோபுரமும் பெருமாள்மலைத் தியான இல்லமும்

எங்கள் ஊருக்குப் புதிதாக வரும் வெளிமாநிலத்தவர் சிலர், ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் படித்துவிட்டு, புத்தர் ஞானம் பெற்ற போதி மரத்தோடு இவ்வூருக்கு ஏதேனும் உறவு உண்டா என்று கேட்பதுண்டு. இல்லை. போடிநாயக்கனூர் ஒரு பாளையக்காரரின் பெயரால் வழங்கும் ஊர். 'டி' வேறு, 'தி' வேறு என்று சொல்லி அனுப்பிவிடுவோம். ஆயினும் அந்தக் கேள்வி அத்தனை வேடிக்கையானதன்று என்று சில ஆண்டுகளாக எனக்குத் தோன்றி வருகிறது.

போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் நின்று வடக்கே பாருங்கள். ஏலத்தோட்டத்துக்கு விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போகும் நம் மக்களுக்கு நிற்க நேரமில்லை, நமக்கு உண்டு. குரங்கணிக்கு மேலே எழும் மலைத்தொடர் பழனி மலையோடு சேர்ந்து கொடைக்கானல் வரை நீள்கிறது. அங்கே, கொடைக்கானல் சாலையிலிருந்து பழனிச் சாலை பிரியும் பெருமாள்மலையில், 1996-ஆம் ஆண்டு 'போதி ஜென்டோ' என்னும் தியான இல்லம் தொடங்கப்பட்டது. ஜென் என்னும் பௌத்த நெறிப்படி அங்கே மௌனத்தில் அமர்கிறார்கள். அதை நிறுவியவர் புத்த பிக்கு அல்லர். இயேசு சபைக் குரு. அருள் மரிய ஆரோக்கியசாமி என்பது அவர் பெயர். பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'அமா சாமி' என்றே உலகம் அவரை அறியும்.

இச்செய்தி எங்கள் அன்பியக் கூட்டமொன்றில் பேச்சுக்கு வந்தபோது, வயது முதிர்ந்த ஒரு தாய், "புத்தர் வழியிலே உட்கார்ற இடத்திலே நம்ம சாமியாருக்கு என்ன வேலை, வாத்தியாரய்யா?" என்று கேட்டார். ஏலக்காட்டில் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் அவர். அன்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவருடைய கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், பெருமாள்மலையிலிருந்து அல்ல, நாகப்பட்டினத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முதலாம் இராசராச சோழன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகையில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். சைவனான இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை விட்டுக்கொடுத்தான். ஆனைமங்கலச் செப்பேடுகள் இதைச் சொல்கின்றன. பின்னர் நாகையில் பௌத்தம் மங்கியது. விகாரங்கள் அழிந்தன. பழைய கட்டடங்களுள் செங்கல்லால் ஆன மூன்று நிலைக் கோபுரம் ஒன்று மட்டும் 19-ஆம் நூற்றாண்டு வரை நின்றது. மாலுமிகள் அதைக் கடலிலிருந்து அடையாளமாகக் கொண்டனர். 'சீனக் கோபுரம்' என்று ஐரோப்பியர் அதை அழைத்தனர். அது யாருடையது என்பதை ஊரார் மறந்திருந்தார்கள்.

அப்போது நாகையில் இயேசு சபையினர் ஒரு கல்லூரி நடத்தினர். 1844-இல் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு இடம் பெயர்ந்த தூய வளனார் கல்லூரிதான் அது. நம்மில் எத்தனை குடும்பங்கள் அதனால் தலைநிமிர்ந்தன என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1859-இல் குருக்கள் அந்தக் கோபுரத்தை இடித்து, அதன் செங்கல்லைக் கல்லூரிக் கட்டடத்துக்குப் பயன்படுத்த அனுமதி கேட்டார்கள். 1867-இல் சென்னை அரசு இசைந்தது. கோபுரம் இடிக்கப்பட்டது. தமிழகத்தில் தரைக்கு மேல் எஞ்சியிருந்த பெரிய பௌத்தக் கட்டடம் அத்தோடு மறைந்தது.

இதைப் பகைமையின் செயல் என்று நான் நினைக்கவில்லை. அதைவிட வருந்தத்தக்க ஒன்று இதில் இருக்கிறது: அவர்கள் கண்ணுக்கு அது செங்கல் மட்டுமாகவே தெரிந்தது. அவர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. இடிக்க இசைவு தந்த அரசுக்கும் அது செங்கல்தான். தமிழ் கற்றோருக்கே அன்று பௌத்தம் அந்நியமாகியிருந்தது. மணிமேகலையைப் பதிப்பிக்க முனைந்த உ. வே. சாமிநாதையர், அதிலுள்ள பௌத்தச் சொற்களுக்குப் பொருள் தெரியாமல் திகைத்து, பௌத்த நூல்களை ஆங்கிலத்தில் படித்திருந்த மளூர் ரங்காசாரியாரின் துணையை நாட வேண்டியிருந்தது. அந்தப் பதிப்பு வெளிவந்த ஆண்டு 1898. கோபுரம் போய் முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து!

இனி நான் சொல்லப்போவது சில வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். கோபுரத்தை இடித்த அக்குருக்களின் கையிலிருந்த உரோமை மறைசாட்சியர் நூலில், நவம்பர் 27-ஆம் நாளுக்கு நேரே, பாரசீகத்தை அடுத்த இந்திய நாட்டுப் புனிதர்களாகப் பார்லாம், யோசபாத் என்ற இருவர் பெயர் இருந்தது. யோசபாத்தின் கதை ஐரோப்பா முழுதும் பரவியது. இந்தியாவில் அபென்னர் என்ற அரசன் ஆண்டான். தோமா திருத்தூதர் நட்ட கிறிஸ்தவத்தை அவன் ஒடுக்கினான். அவன் மகன் துறவியாவான் என்று சோதிடன் ஒருவன் சொன்னதால், நோயும் மூப்பும் சாவும் கண்ணில் படாதபடி மகனை ஓர் அரண்மனையில் அடைத்து வைத்தான். ஒருநாள் இளவரசன் வெளியே வந்து நோயாளியையும் முதியவனையும் கண்டு கலங்கினான். பார்லாம் என்ற துறவி அவனுக்கு நற்செய்தி சொன்னார். அவன் அரசைத் துறந்தான்.

இது யார் கதை என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'போதிசத்துவர்' என்ற சொல் அரபியில் 'பூதாசஃப்' ஆகி, ஜார்ஜிய மொழியில் 'இயோதாசப்' ஆகி, கிரேக்கத்தில் 'இயோவாசப்' ஆகி, இலத்தீனில் 'யோசபாத்' ஆயிற்று. வாய் மாறி மாறி வந்த வழியில் சித்தார்த்தர் கத்தோலிக்கப் புனிதராகிவிட்டார். அறிஞர் உலகம் இதைக் கண்டுகொண்டது எப்போது? பாரிசில் எதுவார் லாபூலே இந்த ஒற்றுமையைச் சுட்டிய ஆண்டு 1859. ஜெர்மானியர் பெலிக்ஸ் லீப்ரெக்ட் அதை விரிவாக நிறுவியது 1860-இல். நாகைக் குருக்கள் கோபுரத்தை இடிக்க அனுமதி கேட்ட அதே 1859! ஒரு கையால் போதிசத்துவருக்கு நினைவு நாள். மறு கையில் அவர் கோபுரத்தை இடிக்க விண்ணப்பம். இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்பது எவருக்கும் தெரியாது. மார்க்கோ போலோ மட்டும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இலங்கையைப் பற்றி எழுதுமிடத்தில் புத்தரின் வரலாற்றைச் சொல்லிவிட்டு, இவர் கிறிஸ்தவராக இருந்திருந்தால் பெரும் புனிதராகியிருப்பார் என்று எழுதியிருந்தார். (இன்றைய மறைசாட்சியர் நூலில் யோசபாத் இல்லை.)

இலங்கை என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. 1687-இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார் கோவாக் குரு யோசேப் வாஸ். கத்தோலிக்கரை அங்கே துன்புறுத்தியவர்கள் பௌத்தர்கள் அல்லர்; கிறிஸ்தவர்களான டச்சுக்காரர்கள். அவருக்குப் புகலிடம் ஆனது பௌத்த மன்னனின் கண்டி. தொடக்கத்தில் உளவாளி என்று சிறை வைத்தார்கள் என்பது உண்மை. பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைத் தடையின்றிப் பணியாற்ற விட்டான். 1711-இல் அவர் கண்டியிலேயே உயிர் நீத்தார். 1995 ஜனவரியில் இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தபோதோ, பௌத்தத் தலைமைப் பிக்குகள் திருத்தந்தையைச் சந்திக்க வரவில்லை. அதற்கு முந்தின ஆண்டு வெளிவந்த அவரது நூலில் பௌத்த மீட்புக் கொள்கையைப் பற்றி எழுதியிருந்தது அவர்களைப் புண்படுத்தியிருந்தது. 2015-இல் அதே வாஸ் அடிகளைப் புனிதராக உயர்த்திய பிரான்சிஸ் திருத்தந்தை, கொழும்பில் ஒரு விகாரத்துக்கே சென்று வந்தார். இருபது ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது.

பெருமாள்மலைக்குத் திரும்புவோம். 1936-இல் பர்மாவில் பிறந்த ஆரோக்கியசாமி அடிகள், இயேசு சபையில் சேர்ந்த பின் ஜப்பானில் கமகுராவில் யமதா கோவுன் என்ற ஆசானிடம் பயின்று, 1982-இல் கற்பிக்கும் உரிமை பெற்றார். அந்த ஆசான் மடத்துத் துறவி அல்லர். மனைவி மக்களோடு வாழ்ந்த பொதுநிலையினர் என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். இந்த வழியில் முன்சென்றவர் ஹியூகோ லாசால் என்ற ஜெர்மானிய இயேசு சபைக் குரு. 1929-இல் ஜப்பானுக்குச் சென்ற அவர், 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் இருந்து காயப்பட்டு உயிர் தப்பியவர். அந்நகரில் 1954-இல் அர்ச்சிக்கப்பட்ட உலக அமைதி நினைவுப் பேராலயம் எழக் காரணமானவரும் அவரே. அந்த அழிவைக் கண்ணால் கண்ட ஒருவர் மௌனத்தை நாடினார் என்பதைப் புதுமை மோகம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

'ஜென்' என்ற சொல்லும் நமக்கு அந்நியமன்று. வடமொழித் 'தியானம்' சீனத்தில் 'சான்' ஆகி, ஜப்பானில் 'ஜென்' ஆயிற்று. அந்நெறியைச் சீனத்துக்குக் கொண்டுசென்ற போதிதருமரைத் தென்னிந்திய அரச குலத்தவர் என்று சீன மரபு சொல்கிறது. காஞ்சியார் என்பர் நம்மவர். சீனம், ஜப்பான், பிறகு ஒரு தமிழ்க் குரு என்று சுற்றிவந்து, அது நாகையிலிருந்து பார்த்தால் மேற்கே ஒரு மலைச்சரிவில் வந்து அமர்ந்திருக்கிறது. அதுவும் கோபுரத்தை இடித்த அதே சபையாரின் கையால்.

ஆனால் அந்தத் தாயின் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. 1965 அக்டோபர் 28 அன்று வெளியான சங்க ஏடு, மாறிக்கொண்டேயிருக்கும் இவ்வுலகம் போதாது என்பதைப் பௌத்தம் உணர்ந்திருப்பதை மதிப்போடு சொல்லியது. பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்றது. 1989 அக்டோபர் 15 அன்று, அவிலா தெரசாவின் திருநாளில், கர்தினால் ராட்சிங்கர் ஆயர்களுக்கு எழுதிய மடல் வேறொன்றை நினைவூட்டியது. கீழை நாட்டு வழிகள் செபத்துக்கு உதவலாம். ஆனால் உடலில் தோன்றும் அமைதியைத் தூய ஆவியின் ஆறுதல் என்று மயங்கிவிடக் கூடாது. கிறிஸ்தவ செபம் இறைவனோடு ஆளுக்கு ஆள் நிகழும் உறவு. இம்மடலைச் சிலர் கதவடைப்பு என்று கோபித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பௌத்தர் ஆண்டவரை நோக்கி அழைப்பதில்லை, நாம் அழைக்கிறோம். இந்த வேறுபாட்டை மறைத்துப் பேசுவது பௌத்தருக்கும் மரியாதையன்று. சித்தார்த்தரை யோசபாத் ஆக்கியபோது நாம் செய்த தவறும் அதுதான்: அவரை அவராக இருக்க விடவில்லை.

சில வாரங்கள் கழித்து அந்தத் தாயிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். நாகைக் கோபுரத்தைப் பற்றிச் சொன்னபோது, "ஐயோ, அதை ஏன் இடிச்சாங்க" என்று இரண்டு முறை கேட்டார். மலையில் என்ன செபம் சொல்கிறார்கள் என்றார். ஒன்றும் சொல்வதில்லை, பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றேன். ஏலச்செடியின் காய் தூரடியில்தான் இருக்கும். குனிந்தும் குந்தியும், மர நிழலில் பகல் முழுதும் பேச்சில்லாமல் எடுக்க வேண்டும். "அப்போ நான் செபமாலைதான் சொல்லிட்டிருப்பேன், வாய்க்குள்ளேயே" என்றார் அவர். "அவங்க மனசிலே என்ன ஓடும்?"