கடல் கடந்த புலமைப்பரிசில்: நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாத ஒரு வரலாறு

 

பதிவு கொஞ்சம் நீளம். முள்ளிவாய்க்கால், முல்லைத்தீவு, முள்ளியவளை, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி என்று நம் பக்கத்துப் பெற்றோரும் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளும் ஆறுதலாக இருந்து வாசிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

நம் ஊரில் 'புலமைப்பரிசில்' என்றால் எல்லாருக்கும் ஐந்தாம் தரப் பரீட்சைதான் ஞாபகம் வரும். பத்து வயதுப் பிள்ளை, வெட்டுப்புள்ளி, முகப்புத்தகத்தில் ஒரு வாழ்த்து. அத்தோடு அந்தச் சொல்லுக்கு வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் இலங்கையில் இந்தச் சொல்லுக்கு 150 வருடத்துக்கு மேற்பட்ட இன்னொரு வரலாறு உண்டு. கடல் கடந்து போய் மொழியும் இலக்கியமும் வரலாறும் படித்தவர்களின் வரலாறு அது. அதில் யார் காசு கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள், யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் நம் பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கும்.

*

1870இல் இலங்கை அரசு ஆங்கிலப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் என்று ஒன்றைத் தொடங்கியது. கெட்டிக்கார மாணவர் ஒருவரை அரச செலவில் இங்கிலாந்துக்கு அனுப்புவது அதன் நோக்கம். தொடக்கத்திலேயே அதைப் பெற்றவர்களில் ஒருவர் பொன்னம்பலம் அருணாசலம். கேம்பிரிட்ஜில் படித்து, 1875இல் போட்டிப் பரீட்சை மூலம் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர் அவர். பெருமைதான். ஆனால் அந்தப் பரிசைத் தொட வேண்டுமென்றால் கொழும்பில், நல்ல ஆங்கிலப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். வன்னியில் அன்று காய்ச்சலும் காடும் வற்றிய குளங்களும். இங்கே பிறந்த பிள்ளைக்கு அப்படி ஒரு பரிசு இருக்கிறது என்ற செய்தியே வந்து சேராது.

மொழி படிப்பதற்கென்று காசு கொடுத்ததும் முதலில் ஆட்சியாளர்தான், அதுவும் தங்கள் தேவைக்காக. 1812இல் சென்னையில் புனித ஜோர்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. கம்பனியின் இளம் அதிகாரிகள் அங்கே தமிழும் தெலுங்கும் படித்தார்கள். நன்றாகத் தேறியவர்களுக்குப் பணப்பரிசும் இருந்தது. வரி வாங்கவும் வழக்கு விசாரிக்கவும் மொழி தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் விதைத்தவன் நினைத்தது மட்டும் முளைப்பதில்லையே! தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை எல்லிஸ் துரை 1816இல் எழுதிக் காட்டியது அந்தக் கல்லூரியின் சூழலில்தான். கால்டுவெல் ஒப்பிலக்கணம் 1856இல் வருவதற்கு 40 வருடம் முந்திய கதை இது.

லண்டனில் 1916இல் நிறுவப்பட்ட கீழைத்தேயக் கல்விக்கூடமும் பேரரசின் தேவைக்காக வந்ததுதான். ஆனால் புலோலியில் பிறந்த க. கணபதிப்பிள்ளை அங்கே போய்ப் பழைய தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து 1930களில் கலாநிதிப் பட்டம் பெற்றார். திரும்பி வந்து இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறையை வளர்த்தார். நம் ஆசிரியர்களின் ஆசிரியர்கள் எல்லாம் அந்தத் துறையிலிருந்து வந்தவர்கள். ஒருவர் போய்ப் படித்து வந்ததன் பலன் மூன்று தலைமுறைக்கு நின்றது.

*

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தவரிடம் வருகிறேன்.

ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். ஒரு முஸ்லிம் பிள்ளை சைவப் பள்ளியில் தமிழ் படித்து வளர்ந்தது அந்தக் காலத்தில் அதிசயமாகப் பேசப்படவில்லை. கொழும்பில் வரலாற்றுப் பட்டம் பெற்று, அரச புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே இருக்கும்போதே சிவில் சேவைக்குத் தெரிவாகி 1935இல் திரும்பினார். அந்தச் சேவையில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிம் அவர்தான்.

1942இல் யுத்த கால உணவுத் தட்டுப்பாட்டின்போது அரசு அவரைக் கல்முனைக்கு அனுப்பியது. வயல் செய்விக்கப் போனவர் அங்கே கண்டது, திறமை இருந்தும் பள்ளியை இடையில் விடும் ஏழைப் பிள்ளைகளை. காரைதீவு மண்ணின் மைந்தர் சுவாமி விபுலானந்தரோடு அவருக்கு நட்பு ஏற்பட்டதும் அந்தக் காலத்தில்தான். ஒருவர் துறவி, ஒருவர் அதிகாரி; ஒருவர் சைவர், ஒருவர் முஸ்லிம். இருவரின் கவலையும் ஒன்றாகவே இருந்தது: கிழக்கின் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள்?

1945 மே மாதம் அஸீஸ் கொழும்பில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். வசதியில்லாத பிள்ளைகளின் உயர் கல்விக்குச் சமூகமே காசு சேர்த்துக் கொடுப்பது என்ற ஏற்பாடு. கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது அதே வருடம் ஒக்டோபரில். கட்டணம் இல்லாவிட்டாலும் புத்தகம், உடுப்பு, விடுதி, பயணம் எல்லாம் செலவுதான். பள்ளிக் கதவு திறந்திருந்தாலும் அதுவரை நடந்து போகக் காசு வேண்டும் என்பது அஸீஸுக்குத் தெரிந்திருந்தது.

1948இல் சிவில் சேவையை விட்டுவிட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு அதிபராகப் போனார். 1961 வரை இருந்தார். அந்தக் காலத்தில் ஸாஹிராவில் படித்த கரவெட்டிப் பிள்ளை ஒருவர் பின்பு அங்கேயே ஆசிரியரானார். பிறகு பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து 1970இல் கலாநிதியானார். பேராசிரியர் கா. சிவத்தம்பியைத்தான் சொல்கிறேன். அவருக்கு முன்னே 1966இல் அதே இடத்தில் பட்டம் பெற்றவர் க. கைலாசபதி. சங்கப் பாடலைக் கிரேக்க வீரயுகப் பாடலோடு வைத்துப் பார்க்கும் கண் அவர்களுக்கு அங்கே கிடைத்தது.

இந்தப் பக்கம் பாணந்துறை முஸ்லிம் ஒருவர், ம.மு. உவைஸ், விபுலானந்தரின் தூண்டுதலால் தமிழ் படிக்கத் தொடங்கினார். முஸ்லிம்கள் தமிழுக்குச் செய்த தொண்டை ஆராய்ந்தார். 1953இல் அது நூலாயிற்று. 1979இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்று இருக்கை வந்தபோது இந்தியா நம் நாட்டிலிருந்து அவரைத்தான் பேராசிரியராக அழைத்தது.

கரவெட்டிப் பிள்ளையை முஸ்லிம் அதிபர் வளர்த்தார், பாணந்துறைப் பிள்ளையைச் சைவத் துறவி தமிழுக்குக் கொண்டு வந்தார். இது கதையல்ல, நடந்த வரலாறு.

1990ஐ நான் மறைத்துவிட்டு இதை எழுதவில்லை. அஸீஸ் பிறந்த யாழ்ப்பாணத்தின் முஸ்லிம்கள் அந்த வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். முல்லைத்தீவு முஸ்லிம்களும் அதே மாதத்தில் உடுத்த உடுப்போடு போனார்கள். 19 வருடம் கழித்து, 2009இல், இதே முள்ளிவாய்க்கால் மணலில் தமிழ் உறவுகள் உயிரையும் உறவுகளையும் இழந்தார்கள். ஒரு துயரத்தை இன்னொன்றோடு நிறுத்துப் பார்க்க எனக்கு உரிமையில்லை. ஆனால் ஆசிரியராக ஒன்றைச் சொல்வேன்: இரண்டு சனத்தின் பைகளிலிருந்தும் விழுந்தவற்றில் சான்றிதழ்களும் இருந்தன, கொப்பிகளும் இருந்தன, கூத்து ஏடுகளும் இருந்தன, பாட்டிமாரின் அரபுத்தமிழ்க் கிதாபுகளும் இருந்தன.

*

வெளிநாடுகள் ஏன் மொழி ஆய்வுக்குக் காசு கொடுக்கின்றன என்றும் கேட்க வேண்டும். தருமம் மட்டும் காரணமல்ல. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. பயந்த அமெரிக்கா 1958இல் ஒரு சட்டம் போட்டு, அறிவியலோடு உலக மொழிகள் படிக்கவும் காசு ஒதுக்கியது. அங்கே தமிழ் வகுப்புகள் பெருகியதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். பிறகு நம்மவர்களே கொடுக்கத் தொடங்கினார்கள். ஹாவர்ட் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் டொலர் உலகத் தமிழர் கையால் சேர்ந்தது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் இருக்கைக்கு 30 இலட்சம் டொலர் 2021இல் நிறைவாயிற்று. அதில் வன்னியிலிருந்து போனவர்களின் வியர்வையும் இருக்கும்.

காசு வந்தால் ஆராய்ச்சியாளர் வருவார். மட்டக்களப்புப் பறங்கியர் பேசும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியைப் பதிவு செய்ய லிஸ்பனிலிருந்து ஹியூகோ கார்டோசோ வந்தார். அழியும் நிலையிலுள்ள மொழிகளை ஆவணப்படுத்த 2002இல் லண்டனில் தொடங்கிய திட்டம்தான் அதற்கு உதவியது. இப்போது அது பெர்லினில் இயங்குகிறது. 1572ஆம் ஆண்டின் ஆயிர மசலாவை ஜாவா, மலாய் நூல்களோடு ஒப்பிட்டு ரோனித் ரிச்சி 2011இல் ஒரு பெரிய நூல் எழுதினார். நாம் 'பழைய கிதாபு' என்று ஒதுக்கியது அங்கே ஒருவருக்குக் கலாநிதிப் பட்டத்துக்கான பொருளாயிற்று.

அவர்கள் வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எப்போதும் நாம் பதில் சொல்கிறவர்களாகவும் அவர்கள் கேள்வி கேட்கிறவர்களாகவும் இருப்பதுதான் முறையா? முல்லைத்தீவுப் பாணிக் கோவலன் கூத்து இங்கே இருக்கிறது. வற்றாப்பளை அம்மன் பொங்கலின் வழக்குச் சொற்கள் இருக்கின்றன. கரைவலைக்காரர் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வைத்த பெயர்கள் இருக்கின்றன. புத்தளத்தில் பிறந்து மீண்டு வந்த பிள்ளைகளின் பேச்சில் இரண்டு ஊர்த் தமிழ் கலந்து கிடக்கிறது. இவற்றைக் கேட்டுப் பதிய, இந்த மண்ணில் வளர்ந்த காதை விடச் சிறந்த கருவி எது?

*

சரி, இப்போது என்ன வழி இருக்கிறது?

இந்திய அரசு நேரு, மௌலானா ஆசாத், ராஜீவ் காந்தி பெயர்களில் இலங்கை மாணவருக்குப் புலமைப்பரிசில் தருகிறது. பிரித்தானியாவில் 1959இல் உருவான பொதுநலவாயப் புலமைப்பரிசிலும், ஒரு வருட முதுமாணிப் படிப்புக்குச் செவனிங்கும் உண்டு. அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட், அதன் ஆணைக்குழு 1952 முதல் கொழும்பில் இருக்கிறது. யப்பான் அரசின் புலமைப்பரிசிலில் போகிறவருக்கு அந்நாட்டு மொழியும் படிப்பிக்கிறார்கள். அரபு படிப்பவருக்கு அல்-அஸ்ஹரும் மதீனாவும் புதிய பெயர்கள் அல்ல. ஓலைச்சுவடி, பழைய பதிவேடு போன்றவற்றைக் காப்பாற்ற பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டம் 2004 முதல் உதவுகிறது.

செவனிங், பொதுநலவாயம், ஃபுல்பிரைட், யப்பான் அரசு ஆகிய நான்குக்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. 'எடுத்துத் தாறன்' என்று காசு கேட்கும் முகவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நிபந்தனைகள் வருடா வருடம் மாறும்; தூதரகத்தின் அல்லது நிறுவனத்தின் சொந்த அறிவித்தலைப் பாருங்கள்.

இவற்றில் பெரும்பாலானவை பட்டம் முடித்தவர்களுக்கு. ஆனால் ஆயத்தம் உயர்தரத்திலேயே தொடங்க வேண்டும். கேட்பது பெரும்பாலும் இவைதான்: நல்ல வகுப்பில் ஒரு பட்டம், ஆங்கிலத் தேர்ச்சிக்குச் சான்று, உங்களை நன்கு அறிந்த இரண்டு மூன்று பேரின் பரிந்துரை, என்ன ஆராயப் போகிறீர்கள் என்று தெளிவாக எழுதிய சில பக்கங்கள். சான்றிதழ் தொலைந்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. பெறுபேற்றின் உறுதிப்படுத்திய பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்திலும், பிறப்புச் சான்றின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும் இப்போதே எடுத்து வையுங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது.

நம் பிள்ளை தடுக்கி விழுவது பெரும்பாலும் கேம்பிரிட்ஜ் வாசலில் அல்ல. ஆங்கிலப் பரீட்சைக் கட்டணத்தில், கடவுச்சீட்டில், நேர்முகத்துக்குக் கொழும்பு போய்வரும் பஸ் காசில், ஒரு இரவு தங்க இடமில்லாததில் விழுகிறார்கள். பெண் பிள்ளையென்றால், கூடப் போக ஆள் இல்லாததில் விழுகிறார்கள். பெரும்பாலான வெளிநாட்டு நிதிகள் இந்த முதற்படிக்குக் காசு தருவதில்லை. அது நம் வேலை.

1945இல் அஸீஸ் செய்ததை நம் அளவில் செய்யலாம். பள்ளிவாசல், கோயில், தேவாலயம், கடற்றொழிலாளர் சங்கம், பழைய மாணவர் சங்கம் ஆகியவற்றிலிருந்து ஆளுக்கு ஒருவர். திறந்த கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் பார்க்கக் கணக்கறிக்கை. வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளின் முதற்படிச் செலவு. மதம் பார்க்காமல், ஊர் பார்க்காமல். வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் காசை விடப் பெரிய உதவி ஒன்று செய்யலாம்: வாரத்தில் ஒரு மணி நேரம் இணையத்தில் வந்து பிள்ளைகளோடு ஆங்கிலம் பேசுங்கள், அவர்கள் எழுதிய விண்ணப்பத்தை வாசித்துத் திருத்துங்கள்.

அஸீஸ் 1973இல் மறைந்தார். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. பட்டத்தை வாங்க அவர் இல்லை; அவர் தொடங்கிய நிதியில் படித்த பிள்ளைகள் இருந்தார்கள்.

உயர்தரத்தில் தமிழோ, அரபோ, வரலாறோ எடுத்த பிள்ளை உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால் இந்தப் பதிவை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். 'தமிழ் படிச்சு என்ன செய்யப் போறாய்?' என்ற கேள்வியை மட்டும் தயவு செய்து கேட்காதீர்கள். நிதிக் குழுவுக்கு வர விரும்புகிறவர்கள் உட்பெட்டியில் எழுதுங்கள். பெயர்கள் சேர்ந்ததும் ஒரு நாள் குறித்துக் கூடிப் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.