அச்சம் தணித்தல்: கால்நடை மயக்கவியலில் ஒரு கோட்பாடு உருவான வரலாறு

மலேசியாவின் பினாங்கில் 2015-இல் வெறிநாய்க்கடி நோய் கண்டறியப்பட்டபோது, தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு முடிவெடுத்தது. விலங்குநல அமைப்புகள் அதை எதிர்த்து, தடுப்பூசியையும் கருத்தடையையும் மாற்றுவழிகளாக முன்வைத்தன. பெண் நாய்க்குக் கருத்தடை என்பது வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சை. ஆகவே அந்த மாற்றுவழி பாதுகாப்பான மயக்கத்தை நம்பியே நிற்கிறது. பிடிபட்டு மிரண்ட விலங்கை மயக்குமுன் அமைதிப்படுத்த வேண்டும் என்ற விதிக்கு அறிவியல் அடிப்படை எவ்வாறு கிடைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஐதராபாத் சோதனைகள்

1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதரும், 1847 நவம்பரில் எடின்பரோவில் குளோரோபார்மும் அறுவை மருத்துவத்துக்கு அறிமுகமாயின. குளோரோபார்ம் விரைவில் பரவியது. கூடவே, மயக்கம் தொடங்கும்போதே நோயாளிகள் திடீரென இறந்த செய்திகளும் வந்தன. முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்ற வாதம் எழுந்தது.

ஐதராபாத் மருத்துவப் பள்ளியின் தலைவர் எட்வர்ட் லாரி, மூச்சை மட்டும் கவனித்தால் போதும் என்றார். இதை ஆராய, நிஜாமின் பொருளுதவியுடன் 1888-இலும் 1889-இலும் இரு ஆணையங்கள் அமைந்தன. இரண்டாவதில் பங்கேற்க லண்டனிலிருந்து மருத்துவர் லாடர் பிரண்டன் வந்தார். நூற்றுக்கணக்கான விலங்குகள், பெரும்பாலும் நாய்கள், சோதனைக்கு உள்ளாயின. மூச்சே முதலில் நிற்கிறது என்று ஆணையம் முடிவுகட்டியது.

லீவியின் விடை

அந்த முடிவின் குறையை 1911-இல் மருத்துவர் குட்மன் லீவி பூனைகளில் காட்டினார். குளோரோபார்ம் மயக்கம் ஆழமாக இல்லாத நிலையில் அட்ரினலின் பெருகினால், இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து நடுங்கி, ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. அச்சமும் திமிறலும் உடலில் அட்ரினலினைப் பெருக்குபவை. ஆழ்ந்த மயக்கத்தில் மூச்சு முதலில் நிற்கலாம். அரைமயக்கத்தில் மிரண்ட உயிரின் இதயமே முதலில் நிற்கக்கூடும். மயக்குமுன் அமைதிப்படுத்த வேண்டும் என்ற விதிக்கு இதுவே அடிப்படை. மனிதரைக் காக்கச் செய்த இச்சோதனைகளில் நாயும் பூனையும் உயிர் கொடுத்தன. அந்த அறிவை அவ்வினங்களுக்கே திருப்பித் தருவது மருத்துவத்தின் கடன்.

கோட்பாடு நடைமுறையானபோது

பிரிட்டன் 1919-இல் விலங்குகளுக்கான சில அறுவைகளில் மயக்கமருந்தைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. 1960-களில் உருவான சைலசின், கெட்டமின் ஆகிய ஊசிமருந்துகள் பணியை எளிதாக்கின. சைலசின் விலங்கை அமைதிப்படுத்தித் தசைகளைத் தளர்த்தும். ஆனால் இதயத் துடிப்பைக் குறைக்கும், வாந்தியும் வரவழைக்கும். கெட்டமின் வலியுணர்வை அடக்கும். தனியே கொடுத்தால் தசைகள் விறைக்கும். இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஓரளவு ஈடுசெய்கிறது. உணர்விழப்பு, வலிநீக்கம், தசைத்தளர்வு என்ற மூன்றும் ஒரே மருந்தால் நிறைவாகக் கிடைப்பது அரிது.

இனத்துக்கேற்ப முறையும் மாறும். மாட்டைக் கிடத்தினால் அசைபோடும் வயிறு உப்பி நுரையீரலை அழுத்தும். இரை மேலெழுந்து மூச்சுக்குழலுக்குள் போகலாம். எனவே பல அறுவைகளை நின்ற நிலையிலேயே, அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்து முடிக்கிறார்கள்.

முடிவுரை

சென்னையின் புளூ கிராஸ் 1964-இல் தொடங்கிய நாய்க் கருத்தடைத் திட்டத்தை மாநகராட்சி 1996-இல் ஏற்றது. பினாங்கும் அவ்வழியில் செல்லலாம். ஆனால் அறுவைகளின் எண்ணிக்கை ஒன்றே வெற்றியின் அளவாகக் கூடாது. எடை பார்த்து மருந்தளவு கணித்தல், முன்கூட்டியே அமைதிப்படுத்தல், மூச்சையும் நாடியையும் சேர்த்துக் கண்காணித்தல், விழித்தெழும்வரை உடனிருத்தல் ஆகியவற்றுக்கான செலவும் நேரமும் திட்டத்தின் கணக்கிலேயே இடம்பெற வேண்டும். கொல்லாமைக்காகத் தேர்ந்த வழியில் கவனக்குறைவால் ஓர் உயிர்கூடப் போகலாகாது.