மினுக்கும் சிவப்பு விளக்கு

கைமாறி வரும் பழைய தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டிகளைக் குறித்து வழக்கமாகக் கூறப்படும் தீர்ப்பு ஒன்று உண்டு: "இதற்கு மின்சாரம் ஏறவில்லை, செத்துப்போயிற்று." இவ்வாறு தீர்ப்பளிப்போருள் பெரும்பாலோர் பெட்டியைத் திறந்து பார்த்தவரல்லர். விசையை அழுத்தினர், படம் வரவில்லை, அல்லது விளக்கு எரிந்தெரிந்து அணைந்தது. அவ்வளவே. இத்தகைய தீர்ப்பினால் உயிரோடு குப்பைக்குப் போன பெட்டிகள் பல. நிண்டெண்டோ நிறுவனத்தின் எட்டு பிட் பெட்டியின் வரலாற்றை அறிந்தோர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். அப்பெட்டியின் மின்கோளாறுகள் எனப்படுவனவற்றுள் சில, கோளாறுகளே அல்ல. பொறியாளரும் வணிகரும் 1983க்கும் 1985க்கும் இடையே எடுத்த முடிவுகள் இன்றும் அதனுள்ளே இருந்துகொண்டு வேலை செய்கின்றன.

1983ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள், ஜப்பானில் 14,800 யென் விலையில் ஃபமிகாம் விற்பனைக்கு வந்தது. அதே நாளில் சேகா நிறுவனமும் எஸ்.ஜி.1000 என்னும் தன் பெட்டியை வெளியிட்டது. ஃபமிகாமை வடிவமைத்தோருக்குத் தலைமை தாங்கியவர் மசாயுகி உவெமுரா. ஷார்ப் நிறுவனத்திலிருந்து நிண்டெண்டோவுக்கு வந்த அவர், 2021 டிசம்பரில் மறைந்தார். சிவப்பும் வெள்ளையுமான அச்சிறு பெட்டி சிக்கனத்தின் உருவம் எனலாம். விளையாடுவோர் பிடிக்கும் கைப்பிடிகள் இரண்டும் கழற்ற இயலாதவாறு பெட்டியோடு பிணைக்கப்பட்டன. மின்சாரம் ஏறியதைக் காட்ட ஒரு விளக்குகூட அதில் இல்லை.

விளக்கின்மை சிறிய செய்திபோல் தோன்றும். ஆயினும், பிற நாட்டில் அதனை வாங்கியவரை அதுவே முதலில் ஏமாற்றியது. ஃபமிகாம் தன் படத்தை ஜப்பானியத் தொலைக்காட்சியின் 1 அல்லது 2ஆம் அலைவரிசையில் அனுப்பும். அவ்வரிசைகளின் அதிர்வெண்கள் அயல்நாட்டு எண்களோடு ஒத்துப்போவதில்லை. வேற்று நாட்டுப் பெட்டியில் இணைத்தவருக்குத் திரையில் வெண்புள்ளிகளே தெரிந்தன. விளக்கும் இல்லை, படமும் இல்லை. ஆதலால் மின்சாரமும் இல்லை என்று அவர் முடிவு கட்டினார். உள்ளேயோ இயந்திரம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

ஃபமிகாமின் அடாப்டர் 10 வோல்ட் நேர்மின்னோட்டத்தை 850 மில்லிஆம்பியர் அளவுக்குத் தரக்கூடியது. அதன் செருகியில் நடுத்துளை எதிர்முனை, வெளிவளையம் நேர்முனை. பிற்காலத்தில் கடைகளில் மலிந்த பொது அடாப்டர்கள் பலவற்றில் இது தலைகீழாக இருக்கும். செருகி அளவில் பொருந்திவிட்டால் மின்சாரமும் பொருந்தும் என்று எண்ணுவது மனித இயல்பு. அவ்வியல்பினால் கெட்ட பெட்டிகள் ஏராளம்.

1985 அக்டோபரில் இதே இயந்திரம் உருமாறி நியூயார்க் நகரில் விற்பனைக்கு வந்தது, என்.இ.எஸ். எனும் புதுப்பெயர் பெற்றது. உள்ளே இயங்கும் மூளை ஏறத்தாழ ஒன்றே. மின்சாரம் நுழையும் வாயில் மட்டும் வேறு. அமெரிக்கப் பெட்டியின் அடாப்டர் தருவது நேர்மின்னோட்டமன்று. 9 வோல்ட் மாறுமின்னோட்டம், 1.3 ஆம்பியர். சுவரில் மாட்டும் கட்டிக்குள் மின்மாற்றி மட்டுமே உண்டு. மாறுமின்னோட்டத்தை ஒருதிசைப்படுத்தும் நான்கு டையோடுகள் விளையாட்டுப் பெட்டிக்குள் வைக்கப்பட்டன.

இதன் விளைவு விந்தையானது. நான்கு டையோடுகள் எத்திசையிலிருந்து வரும் மின்சாரத்தையும் நேர்ப்படுத்திவிடும். ஆகையால் ஜப்பானிய அடாப்டர் தரும் நேர்மின்னோட்டத்தை அமெரிக்கப் பெட்டி தடையின்றி ஏற்றுக்கொள்ளும். முனைகள் தலைகீழாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஃபமிகாமில் அத்தகைய காவலர் இல்லை. அமெரிக்க அடாப்டரை அதில் செருகினால் இடைவிடாது திசை மாறும் மின்சாரம் நேரே உட்புகுந்து, ரெகுலேட்டரையும் மின்தேக்கியையும் தாக்குகின்றது. அண்ணனின் உடை தம்பிக்குப் பொருந்தும், தம்பியின் உடை அண்ணனைக் கொல்லும் என்பது போன்ற உறவு இது. நாற்பதாண்டு பிழைத்திருந்த பெட்டி, உரிமையாளரின் அன்பான ஒரு சோதனையில் சில நொடியில் மடிவதற்கு இதனினும் பெரிய காரணம் தேவையில்லை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்னொரு கண்ணியும் உண்டு. ஜப்பானில் வீட்டு மின்னழுத்தம் 100 வோல்ட். இங்கோ 230 வோல்ட். ஜப்பானிலிருந்து பெட்டியோடு வரும் அடாப்டரை, செருகியை மட்டும் மாற்றி இங்குள்ள சுவரில் மாட்டினால், மின்மாற்றி தாங்கவேண்டிய அழுத்தத்தைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்டதைத் தாங்க நேரும். சிறிது நேரத்திலேயே சுருள் சூடேறிக் கருகும். அந்நேரத்தில் பெட்டி இணைக்கப்பட்டிருந்தால், 10 வோல்ட்டை எதிர்பார்த்த இடத்திற்கு அதனினும் மிகுந்த அழுத்தம் போய்ச்சேரும். கருகிய மணம் வந்தபின் அடாப்டரைத் திறந்து பழுது பார்க்க முனைவது அறிவுடைமையாகாது. அதற்குள் இருப்பது வீட்டு மின்சாரம். இங்குள்ள அழுத்தத்திற்கென்று செய்யப்பட்ட புதிய அடாப்டரை, தேவையான வோல்ட், ஆம்பியர், முனைத்திசை ஆகிய மூன்றையும் பார்த்து வாங்குவதே முறை.

வாயிலைக் கடந்தபின் இரு பெட்டிகளின் கதையும் ஒன்றாகின்றது. அக்காலச் சில்லுகள் 5 வோல்ட்டில் இயங்குவன. 1960களில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் 7400 வரிசைச் சில்லுகள் பரவியதிலிருந்து அந்த அளவு ஒரு மரபாகவே நிலைத்துவிட்டது. உள்ளே வரும் 10 அல்லது 11 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் பணியைச் செய்வது 7805 எனப்படும் மூன்று கால் ரெகுலேட்டர். அது மிகையான மின்னழுத்தத்தைச் சேமித்து வைப்பதில்லை; வெப்பமாக்கி வெளியேற்றுகின்றது. உள்ளே 11 வோல்ட் வர, பெட்டி அரை ஆம்பியர் உண்ணுமாயின், 6 வோல்ட் மிகை. 3 வாட் வெப்பம். ஆதலால்தான் அதன் முதுகில் உலோகத் தகடு திருகப்பட்டுள்ளது. அத்திருகு தளர்ந்தாலும், இடையிலுள்ள பசை காய்ந்தாலும், ரெகுலேட்டர் சூடேறித் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே ஓய்ந்துவிடும். பத்து மணித்துளி நன்றாக ஓடி, பின் அணைந்து, ஆறியதும் மீண்டும் ஓடும் பெட்டியில் முதலில் ஐயுறத்தக்க இடம் இதுவே.

ரெகுலேட்டருக்கு முன்னே நிற்பது பெரிய மின்தேக்கி. அலையலையாக வரும் மின்சாரத்தைச் சமன்படுத்துவது அதன் கடமை. அதனுள் ஈரமான மின்பகுபொருள் உண்டு; ஆண்டுகள் செல்லச்செல்ல அது வறளும். வெப்பம் 10 பாகை குறைந்தால் இதன் வாழ்நாள் இருமடங்காகும் என்பது மின்னணுத் தொழிலில் வழங்கும் கணக்கு. சூடான ரெகுலேட்டருக்குப் பக்கத்திலேயே பல ஆண்டுகள் குடியிருந்த மின்தேக்கி எந்நிலையில் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அது தளர்ந்ததும் பெட்டி செத்துவிடுவதில்லை. திரையில் மங்கலான பட்டைகள் மெல்ல நகரும். ஒலியில் உறுமல் கேட்கும். இவை மின்தேக்கியின் முதுமைக்கு அறிகுறிகள். சில வெள்ளியில் தீரக்கூடிய நோய்.

பழுது பார்ப்போர் இவ்வரலாற்றின் வரிசையிலேயே நடக்கின்றனர். முதலில் அடாப்டரின் முனையில் மல்டிமீட்டரை வைக்கின்றனர். அமெரிக்க அடாப்டராயின் மாறுமின்னோட்ட அளவையிலும் ஜப்பானியதாயின் நேர்மின்னோட்ட அளவையிலும் அளக்கின்றனர். இவ்வேறுபாட்டை அறியாதவர் நேர்மின்னோட்ட அளவையில் அமெரிக்க அடாப்டரை அளந்து, சுழியம் கண்டு, நல்ல அடாப்டரை எறிந்துவிடுவதும் உண்டு. அடுத்து, செருகி நுழையும் துளையின் ஈயப் பற்று. ஆயிரம் முறை பிடுங்கிச் செருகிய இடம் அது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத வட்ட விரிசல் அங்கே விழும். அதன்பின் விசை, ரெகுலேட்டரின் உள்வாய், வெளிவாய். வெளிவாயில் 4.75க்கும் 5.25க்கும் இடைப்பட்ட வோல்ட் இருந்தால் மின்சாரத்தின் மீதுள்ள குற்றச்சாட்டு தள்ளுபடியாகின்றது.

குற்றம் தள்ளுபடியான பின்னும் அமெரிக்கப் பெட்டியின் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருப்பதுண்டு. இதுதான் இவ்வரலாற்றின் மையம்.

1983இல் வட அமெரிக்காவில் விளையாட்டுப் பெட்டிச் சந்தை சரிந்தது. எவர் வேண்டுமாயினும் எதையும் வெளியிட்டனர். தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் குவிந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் அட்டாரி நிறுவனம் விற்காத சரக்கை நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோவில் புதைத்தது. 2014இல் அதனைத் தோண்டி எடுத்தும் பார்த்தனர். இந்நிலையில் கடைக்காரரின் அச்சத்தைப் போக்க நிண்டெண்டோ இரண்டு முடிவுகளை எடுத்தது. ஒன்று, தோற்றம்: பெட்டி விளையாட்டுப் பொருள்போல் தோன்றாமல் வீடியோ ரெக்கார்டர்போல் முன்புறக் கதவுடன் இருக்க வேண்டும். மற்றொன்று, பூட்டு: தன் இசைவின்றி வெளிவரும் கார்ட்ரிட்ஜ் ஓடக்கூடாது.

பூட்டு என்பது உவமையன்று. பெட்டிக்குள் ஒரு சிறு சில்லு, கார்ட்ரிட்ஜுக்குள் அதே வகைச் சில்லு. இரண்டும் ஒரே நிரலை ஓட்டி, ஒன்றையொன்று இடைவிடாது சரிபார்க்கும். விடை பொருந்தாவிடில் பெட்டியின் சில்லு இயந்திரத்தை மீண்டும் தொடக்கநிலைக்குத் தள்ளும். ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை இவ்வாறு தள்ளிக்கொண்டே இருக்கும். அப்போது விளக்கும் உடன் மினுக்கும்.

முன்புறக் கதவின் பொருட்டு, 72 தொடுமுனைகள் கொண்ட புதுவகை இணைப்பியும் வந்தது. கார்ட்ரிட்ஜைக் கிடையாக நுழைத்துக் கீழே அழுத்த வேண்டும். அழுத்த அழுத்த முனைகள் வளைந்து பிடிதளர்ந்தன. காற்றுப் பட்டு மங்கின. ஜப்பானியப் பெட்டியில் கார்ட்ரிட்ஜ் மேலிருந்து நேராக இறங்கும். பூட்டுச் சில்லும் கிடையாது. ஆகவே, முதல் முடிவு தொடுமுனையைத் தளர்த்தியது; இரண்டாம் முடிவு அத்தளர்ச்சியைக் கள்ளத்தனம் என்று தவறாகக் கருதியது. உரிமையோடு வாங்கிய நல்ல கார்ட்ரிட்ஜின் விடை தூசியினால் தடைப்பட்டபோது, பூட்டு அதனையும் திருடனாகவே நடத்தியது. உரிமையாளரோ மினுக்கும் விளக்கைக் கண்டு மின்சாரம் விட்டுவிட்டு வருகின்றது என்று எண்ணினார், புதிய அடாப்டர் வாங்கினார், விளக்கு மினுக்கிக்கொண்டேயிருந்தது.

சிறுவர்கள் கார்ட்ரிட்ஜின் வாயில் ஊதினர். சிலவேளை பயன் கிடைத்தது. எடுத்து மீண்டும் செருகியதாலேயே தொடுமுனைகள் புதிதாய்ப் பொருந்தும் என்பதை அவர்கள் அறியார். மூச்சின் ஈரம் செம்பை மெல்ல அரித்தது. தூய ஆல்கஹால் தோய்ந்த பஞ்சால் துடைப்பதும், இணைப்பியைக் கழற்றிச் சுத்தம் செய்வதுமே நெடுநாளைக்கு உதவுவன.

பூட்டை உடைக்க முயன்ற வணிகரும் இருந்தனர். அட்டாரி கேம்ஸ் நிறுவனம், பூட்டின் நிரலை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து பொய்க் காரணம் காட்டிப் பெற்று, தானே ஒரு திறவுகோல் செய்தது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிண்டெண்டோவுக்குச் சார்பாக நின்றது. வேறு சிலர் கார்ட்ரிட்ஜிலிருந்து எதிர் மின்னழுத்தத்தைச் செலுத்திப் பூட்டுச் சில்லை மயங்க வைத்தனர். பின்னாளில் ஆர்வலர் கண்ட வழியோ இவற்றினும் எளியது. பெட்டியிலுள்ள பூட்டுச் சில்லின் நான்காம் காலை 5 வோல்ட்டிலிருந்து பிரித்து நிலமுனையோடு இணைத்துவிட்டால், அது தன்னைப் பூட்டு என்பதையே மறந்து திறவுகோலாக நடந்துகொள்ளும். மினுக்கல் நின்றுவிடும். ஆனால் அழுக்கேறிய தொடுமுனை அழுக்காகவே இருக்கும் என்பதால், சுத்தம் செய்யாமல் காலை மட்டும் வெட்டுவோர் மினுக்கும் திரைக்குப் பதிலாகச் சிதைந்த படத்தையே காண்கின்றனர்.

1993இல் நிண்டெண்டோ அப்பெட்டியை மறுபடி வடிவமைத்தது. கார்ட்ரிட்ஜ் மேலிருந்து இறங்கியது. பூட்டுச் சில்லு நீக்கப்பட்டது. சிவப்பு விளக்கையும் அதில் வைக்கவில்லை.